வண்டி ஏன் இவ்ளோ டீசல் குடிக்குது? பழைய எஸ்யூவியை டீபக் பண்ணின கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் கோடிங் பேச்சு கொஞ்சம் கம்மி, கார் பேச்சு ஜாஸ்தி. ஆனா கடைசியில ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்கே தோணும்.

விஷயம் இதுதான். வீட்ல பத்து, பன்னெண்டு வருஷம் பழைய எஸ்யூவி ஒண்ணு நிக்குது. முன்ன லிட்டருக்கு 12 கிலோமீட்டர் குடுத்துட்டு இருந்தது இப்ப 9 தான் குடுக்குது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா ஒரு பெரிய பில் சொல்றாங்க. வீட்ல "வித்துத் தொலைச்சுடலாம்"னு ஒரு குரல், "இன்னும் நல்லாத்தானே ஓடுது"ன்னு இன்னொரு குரல். இந்த நிலைமையில எங்கிருந்து ஆரம்பிக்கறது, எதை முதல்ல பார்க்கறது, எதுக்குக் காசு செலவு பண்ணலாம், எதுக்குப் பண்ணக் கூடாது? இன்னைக்கு எபிசோடு முழுக்க அதுதான்.

உதாரணத்துக்கு என் மாமா வண்டியையே எடுத்துக்கறேன். 2013 கடைசியில வாங்கின ஏழு சீட்டர், டீசல், மேனுவல் கியர். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கம்பெனி பேர் வேண்டாம். இதுல சொல்லப் போற எதுவும் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் வர்ற பிரச்சனை இல்ல.

முதல்ல கணக்கு

நம்ம ஊர்ல மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு சொல்லிப் பழகிட்டோம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. 20-ல இருந்து 17-க்கு இறங்கறதும், 12-ல இருந்து 9-க்கு இறங்கறதும் கேட்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். ரெண்டுமே மூணு கிலோமீட்டர் கம்மி, அவ்ளோதானேன்னு தோணும். திருப்பிப் போட்டுப் பாருங்க. 100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர்? 20-ல இருந்து 17-ன்னா, 5 லிட்டர் 5.9 ஆகுது. 12-ல இருந்து 9-ன்னா, 8.3 லிட்டர் 11.1 ஆகுது. முதல் வண்டிக்கு 0.9 லிட்டர் கூடுதல், ரெண்டாவதுக்கு 2.8 லிட்டர். மூணு மடங்கு. அதனால பெரிய வண்டியில மைலேஜ் விழுந்தா, சின்ன வண்டியை விட பாக்கெட் ரொம்ப வேகமா கரையும்.

மாமா வண்டி 12.3 குடுத்துட்டு இருந்தது, 9-க்கு வந்துடுச்சு. அதாவது 100 கிலோமீட்டருக்கு சுமார் 3 லிட்டர் கூடுதல். மாசம் 1,200 கிலோமீட்டர் ஓட்டறார். 36 லிட்டர். டீசல் 92 ரூபாய்னு வெச்சுக்கிட்டா மாசம் 3,300 ரூபாய்க்கு மேல, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 40,000. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இது சின்னத் தொகை இல்ல. ஒர்க்‌ஷாப்ல "நாலு இன்ஜெக்டரும் மாத்தணும் சார், 72,000 ஆகும்"னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்பதான் மாமா எனக்கு போன் பண்ணினார்.

நான் மெக்கானிக் கிடையாது. ஸ்பேனர் பிடிச்ச வேலையெல்லாம் வேற ஆள் பண்ணினதுதான். நான் பண்ணினது, ப்ரொடக்‌ஷன்ல ஒரு சர்வீஸ் திடீர்னு ஸ்லோ ஆனா என்ன பண்ணுவோமோ அதுதான். முதல்ல அளக்கணும். அப்புறம் எப்போ மாறுச்சுன்னு பார்க்கணும். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்.

எந்த நம்பரை நம்பறது

டேஷ்போர்டுல ஓடற மைலேஜ் நம்பரை வெச்சு முடிவு எடுக்காதீங்க. அது இன்ஜெக்டர் எவ்ளோ நேரம் திறந்திருந்துச்சுங்கறதை வெச்சு வண்டி போடற கணக்கு. நிறைய வண்டிகள்ல நிஜத்தை விடக் கொஞ்சம் தாராளமாவே காட்டும்.

விளம்பரத்துல வந்த ஏஆர்ஏஐ மைலேஜோடயும் ஒப்பிடாதீங்க. அது லேப்ல, ரோலர் மேல, ஏசி இல்லாம, ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. அந்த அட்டவணையில உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். நம்ம வேளச்சேரி சிக்னல் அதுல கிடையாது. உங்க வண்டியை அதோட பழைய நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க.

நம்பகமான வழி, பழைய ஃபுல் டேங்க் முறைதான். ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப். நாசில் தானா கட் ஆனதும் நிறுத்திடணும், "ரவுண்டா போட்டுடுங்கண்ணா"ன்னு மேல மேல ஊத்தச் சொல்லக் கூடாது. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு, குறைஞ்சது 300, 400 கிலோமீட்டர் ஓட்டிட்டு, அதே இடத்துல மறுபடி கட் ஆகற வரைக்கும் ஊத்தணும். ஓடின கிலோமீட்டரை ஊத்தின லிட்டரால வகுத்தா மைலேஜ். ஒரு டேங்க் போதாது. ரெண்டு, மூணு டேங்க் எடுத்து சராசரி பாருங்க.

பங்க்லயே அளவு கம்மியோன்னு சந்தேகம் வந்தா, அங்க 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒண்ணு வெச்சிருப்பாங்க. முத்திரை போட்டது. அதுல பிடிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்கறது உங்க உரிமை. டீசலோட டென்சிட்டியையும் பார்க்கக் கேட்கலாம். சண்டை போடாம, தன்மையா கேட்டாலே போதும்.

எது எவ்ளோ சாப்பிடும்

டீபக் பண்றதுக்கு முன்னாடி ஒரு பட்ஜெட் போட்டுக்கணும். மைலேஜ் 25 சதவீதம் விழுந்திருக்கு. சரி, எந்தெந்தக் காரணத்துக்கு அவ்ளோ பெரிய பள்ளம் போடற சக்தி இருக்கு?

டயர் காத்து கம்மியா இருந்தா மைலேஜ் குறையும்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மைதான். ஆனா அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கு, நாலு டயர்லயும் சராசரியா 1 பிஎஸ்ஐ குறைஞ்சா 0.2 சதவீதம்தான் போகும். 10 பிஎஸ்ஐ குறைஞ்சாலும் 2 சதவீதம். காத்து பாருங்க, டயர் ஆயுசுக்கும் பிரேக்குக்கும் அது முக்கியம். ஆனா 25 சதவீதத்தை அதுமேல எழுத முடியாது.

ஏர் ஃபில்டர் கதையும் இதேதான். கார்புரேட்டர் காலத்து அறிவுரை அது. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல ஃபில்டரை வேணும்னே அடைச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல பிக்கப் குறைஞ்சுது, மைலேஜ்ல பெரிய வித்தியாசம் வரலை. அழுக்கு ஃபில்டரை மாத்துங்க, ஆனா அதிசயம் எதிர்பார்க்காதீங்க.

மேல கட்டற கேரியரும் லக்கேஜும் வேற கதை. ஹைவே வேகத்துல பெரிய பெட்டி ஒண்ணு மேல இருந்தா 10-ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் கூடப் போகலாம்னு அதே துறை சொல்லுது. வேகமும் அப்படித்தான். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல இருந்து 100-க்குப் போனா எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். எஸ்யூவி சும்மாவே பீரோ மாதிரி காத்தைத் தள்ளிட்டுப் போற வண்டி. பழைய ஹைவே நாலு வழி ஆயிடுச்சு, நீங்க 80-க்குப் பதிலா 105-ல போறீங்கன்னா, வண்டியில எந்தக் கோளாறும் இல்லாமலே மைலேஜ் விழும்.

ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்ட பிரேக், சூடே ஏறாத இன்ஜின், வழுக்கற கிளட்ச், டர்போ ஹோஸ்ல விரிசல், எங்கயாவது டீசல் லீக். இதெல்லாம்தான் பெரிய பள்ளம் போடற ஆளுங்க. இன்ஜெக்டரும் இந்த லிஸ்ட்ல உண்டு. ஆனா அது மட்டும்தான்னு நினைக்கக் கூடாது. தவிர, 25 சதவீதம் போயிருந்தா பல நேரம் ஒரே ஒரு குற்றவாளி இருக்க மாட்டான். ரெண்டு, மூணு பேர் சேர்ந்து பண்ணியிருப்பாங்க.

மாமாவோட டைரி

இங்கதான் மாமா எனக்குப் பெரிய உதவி பண்ணிட்டார், அவருக்கே தெரியாம. ஒவ்வொரு தடவை டீசல் போடும்போதும் தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் நாலையும் டைரியில எழுதறவர். பத்து வருஷ லாக். எந்தக் கம்பெனியும் இவ்ளோ ஒழுங்கா லாக் வெச்சுக்காது.

அதை எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்தி கிராஃப் போட்டேன். மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமா தேயலை. படி படியா இறங்கியிருந்துச்சு.

2022 ஏப்ரல் வரைக்கும் 12.3 பக்கம். மே மாசத்துல இருந்து 11.2. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல அதே 11.2. 2023 ஆகஸ்ட்ல 10.7. அப்புறம் 2024 ஜனவரியில இருந்து மெதுவா சறுக்கி 9.

படி இருந்தா, அந்தத் தேதியில ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம். இன்ஜெக்டர் தேயறது ஒரே வாரத்துல நடக்கறது இல்ல. அதனால மாமாகிட்ட வேற ஒரு கேள்வியும் கேட்கலை. "2022 மே மாசம் என்ன நடந்துச்சு மாமா?" அவ்ளோதான்.

"திருச்சி போற வழியில ஹீட் ஆயிடுச்சே, ஞாபகம் இல்லையா? ஒரு ஹோஸ் போயிருந்துச்சு. அங்கயே ஒருத்தர் மாத்திக் குடுத்தார். நல்ல மனுஷன், இனிமே ஹீட்டே ஆகாத மாதிரி பண்ணிட்டேன்னார்."

இனிமே ஹீட்டே ஆகாத மாதிரின்னா, நம்ம ஊர்ல பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டாச்சு.

2023 ஆகஸ்ட்ல நாலு டயர் மாத்தினது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். மாமா வீடு வேளச்சேரி. பாதி வீல் முழுகற தண்ணியில ரெண்டு நாள் வண்டி நின்னுது, அப்புறம் மூணு வாரம் யாரும் எடுக்கலை.

மூணு படிக்கும் மூணு காரணம் கிடைச்சாச்சு. ஆனா இதெல்லாம் இன்னும் சந்தேகம்தான். நிரூபிக்கணும்.

டயர்: இது பொய்க் குறைவு

பழைய டயர் 215/75 ஆர்15. புதுசு 235/75 ஆர்15. கடைக்காரர் கம்பீரமா இருக்கும்னு போட்டு விட்டிருக்கார். கணக்குப் போடுங்க. பழைய டயரோட மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர். புதுசு 733.5. நாலேகால் சதவீதம் பெருசு. அதாவது சக்கரம் ஒரு சுத்துக்கு நாலேகால் சதவீதம் அதிக தூரம் போகுது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. வண்டி 104 கிலோமீட்டர் போனா அது 100-ன்னு சொல்லும். போன்ல ஜிபிஎஸ் போட்டு செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம், கணக்கு சரியா வந்துச்சு.

அப்போ டைரியில இருக்கற 9, நிஜத்துல 9.4. டயர்ல போனதா நினைச்ச அரை கிலோமீட்டர்ல பெரும்பகுதி எங்கயும் போகலை. பேப்பர்லதான் போயிருந்துச்சு. ஒரு ரூபாய் செலவில்லாம இவ்ளோ திரும்பி வந்துடுச்சு. ஆனா ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைச்சுக் காட்டும்ங்கறதை மறக்காதீங்க. அளவை மாத்தாம, கம்பெனி சொன்ன டயரையே போடறதுதான் நல்லது.

பிரேக்: இதை முதல்ல பார்த்ததுக்குக் காரணம்

அடுத்தது பிரேக். மைலேஜ்ல பார்த்தா தெர்மோஸ்டாட்தான் பழைய பிரச்சனை. ஆனா பிரேக்கை முந்திக்கிட்டுப் பார்த்ததுக்குக் காரணம் இருக்கு. மாமா குடும்பத்தோட வருஷா வருஷம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போறவர். அந்த மலைப்பாதையில 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஒரு பக்க பிரேக் ஏற்கனவே சூடேறிப் போயிருந்தா என்ன ஆகும்? பிரேக் ஃப்ளூயிட் கொதிச்சு நீராவிக் குமிழ் வரும். பெடலை மிதிச்சா ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. பின்னாடி சீட்ல ரெண்டு பேரப் பசங்க. இது டீசல் காசு பிரச்சனையே இல்ல.

டெஸ்ட் ரொம்ப ஈஸி. காலையில ட்ராஃபிக் இல்லாதப்ப ஈசிஆர்ல 40 கிலோமீட்டர் ஓட்டினோம், முடிஞ்ச வரைக்கும் பிரேக் தொடாம. கடைசியில வேகம் தானா குறைய விட்டு ஓரமா நிறுத்தினோம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்னு துப்பாக்கி மாதிரி ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்கும், அதால நாலு டிஸ்க், ட்ரம்மையும் அளந்தோம். பின்னாடி ரெண்டும் 45 டிகிரி. முன்னாடி வலது 58. முன்னாடி இடது 140. கையை வெச்சுப் பார்க்கற பழக்கம் இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க, தோல் வந்துடும்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால சுத்தினா வலது பக்கம் ரெண்டு சுத்து சுத்துச்சு. இடது பக்கம் கால் சுத்துல நின்னுடுச்சு. கழட்டிப் பார்த்தா, கேலிப்பர் நகர்ற பின் ரெண்டுலயும் துரு. ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணி உள்ள போயிருக்கு. பிரேக் விட்டாலும் கேலிப்பர் பின்னாடி வர முடியாம பேடு டிஸ்க்கை உரசிக்கிட்டே இருந்திருக்கு. உள்பக்கப் பேடு வெளிப்பக்கத்தை விடப் பாதியா தேஞ்சிருந்துச்சு. அதாவது ஆறு மாசமா மாமா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வண்டி ஓட்டின மாதிரி.

பின்னைச் சுத்தம் பண்ணி, அதுக்குன்னே இருக்கற கிரீஸ் போட்டு, புது உறை, ரெண்டு பக்கமும் புது பேடு. வேற எதையும் தொடலை. ரெண்டு ஃபுல் டேங்க் ஓட்டினோம். 9-ல இருந்து 10.3.

உங்க வண்டியும் வெள்ளத்துல நின்னிருந்தா, ஹேண்ட் பிரேக் போட்டு பல வாரம் நிறுத்தியிருந்தா, இந்த டெஸ்ட்டை மட்டுமாவது பண்ணிடுங்க. ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா, லிவரை டூ வீலுக்கு மாத்தின அப்புறமும் முன் ஆக்சில் நிஜமா விடுபடுதான்னும் பார்க்கச் சொல்லுங்க.

தெர்மோஸ்டாட்: குளுகுளு இன்ஜினோட விலை

தெர்மோஸ்டாட்ங்கறது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சுமார் 82-ல இருந்து 88 டிகிரி வர்ற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாது. அதைக் கழட்டிட்டா கூலன்ட் எப்பவும் ரேடியேட்டர் வழியா ஓடிக்கிட்டே இருக்கும். ஊசி ஏறவே ஏறாது, நமக்கும் நிம்மதியா இருக்கும்.

ஆனா இன்ஜினுக்கு அது நிம்மதி இல்ல. சூடு ஏறாத ஆயில் கெட்டியா இருக்கும், உராய்வு கூடும். ஈசியு இன்னும் இன்ஜின் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு அதுக்கு ஏத்த மாதிரி டீசல் விடும். தேய்மானமும் கூடும். நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்பாங்க. வெயில் 40 டிகிரி. இன்ஜினுக்கு வேணும்கறது 85, 90. ரெண்டுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு.

இதை எப்படிக் கண்டுபிடிச்சோம்? ஓபிடி ரீடர். ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் போர்ட் ஒண்ணு இருக்கும். 2013-க்கு அப்புறம் வந்த பிஎஸ்4 வண்டின்னா நிச்சயம் இருக்கும். ஒரு ப்ளூடூத் அடாப்டர் அதுல சொருகி, போன்ல ஒரு ஆப் போட்டா, கூலன்ட் சூடு, ஆர்பிஎம், வேகம், டர்போ அழுத்தம் எல்லாம் லைவ்ல வரும். வண்டி சுத்தமா சூடான அப்புறம், ஹைவேல 80-ல போகும்போது மாமா வண்டியில கூலன்ட் 64 டிகிரி. சிக்னல்ல நின்னா மட்டும் 78. டேஷ்போர்டு ஊசி நடுவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழ இருந்துச்சு, அதை யாருமே பிரச்சனைன்னு நினைக்க மாட்டாங்க.

மெக்கானிக் கழட்டிப் பார்த்தார். வெறும் கூடுதான் இருந்துச்சு, உள்ள ஒண்ணும் இல்ல. புது தெர்மோஸ்டாட், புது கூலன்ட் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் சரியா ஓடுதான்னு பார்த்து, அதுக்கப்புறம்தான் வண்டியை எடுத்தோம். இந்த வரிசை முக்கியம். ஹீட் ஆன காரணத்தைச் சரி பண்ணாம தெர்மோஸ்டாட்டை மட்டும் திரும்ப மாட்டினா மறுபடி நடு ரோட்டுல நிப்பீங்க. இப்ப ஹைவேல 86 டிகிரி, அசையாம நிக்குது. மறுபடி ரெண்டு டேங்க். 11.2.

டயர் கணக்கைச் சேர்த்தா, நிஜமான மைலேஜ் 11.7. பழைய 12.3-க்கு இன்னும் 5 சதவீதம் பாக்கி. பெரிய டயரோட எடை, வண்டியோட வயசு, வேளச்சேரியில கூடிப்போன ட்ராஃபிக். அதைத் துரத்த வேண்டாம்னு விட்டுட்டோம்.

அப்போ இன்ஜெக்டர்?

அந்த 72,000-க்கு வருவோம். ஒர்க்‌ஷாப் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரலை. பழைய டீசல் வண்டியில மைலேஜ் இல்லன்னா இன்ஜெக்டர் மேல கை வைக்கறது ஒரு பழக்கம், சில நேரம் அது சரியாவும் இருக்கும். ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. "அண்ணா, எந்த டெஸ்ட்ல இது தெரிஞ்சுது?" சரியான ஆள் இதுக்குக் கோவப்பட மாட்டார், காட்டுவார்.

இன்ஜெக்டர் போயிருந்தா பொதுவா வேற அடையாளமும் வரும். காலையில ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும். ஐடில்ல வண்டி உதறும். கறுப்புப் புகையோ வெள்ளைப் புகையோ வரும். டொக் டொக்னு ஒரு சத்தம் கேட்கும். மாமா வண்டியில இது ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் ஒரு டீசல் பம்ப் கடையில ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணினோம். நாலு இன்ஜெக்டர்ல இருந்தும் திரும்பி வர்ற டீசலை நாலு பாட்டில்ல பிடிச்சு ஒப்பிடறதுதான் டெஸ்ட். ஒரு பாட்டில் மட்டும் மளமளன்னு ரொம்பினா அந்த இன்ஜெக்டர் உள்ள லீக். நாலும் ஒரே மட்டத்துல இருந்துச்சு. இந்த டெஸ்ட் ஸ்ப்ரே சரியா இருக்கான்னு சொல்லாது. அதுக்குக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தணும். அடையாளமும் இல்ல, ரிட்டர்னும் சரி, மைலேஜும் திரும்பிடுச்சுங்கறதால கழட்டவே இல்ல.

மொத்த செலவு 8,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மாமா வண்டியை விக்கலை. ஆர்சி 2028 கடைசி வரைக்கும் இருக்கு. அப்ப எஃப்சி காட்டி நீட்டிக்கறதா, விடறதான்னு பார்த்துக்கலாம்னு இருக்கார்.

உங்க வண்டிக்கு

உங்களுக்கு வேற காரணமா இருக்கலாம். சுருக்கமா சொல்லிடறேன்.

கிளட்ச் வழுக்குதான்னு பார்க்க, டாப் கியர்ல ஆர்பிஎம்மை வேகத்தால வகுங்க. அந்த நம்பர் எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும். மேட்டுல ஆக்சிலேட்டர் அழுத்தும்போது அது எகிறினா கிளட்ச் போகுது.

பிக்கப் குறைஞ்சு, கறுப்புப் புகை வந்து, ஆக்சிலேட்டர் மிதிச்சா விசில் மாதிரி சத்தம் வந்தா, டர்போவுல இருந்து இன்டர்கூலர் போற ஹோஸைப் பாருங்க. விரிசல் இருக்கற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருக்கும்.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. இன்ஜின் ஆயில் மட்டம் குறையறதுக்குப் பதிலா ஏறியிருந்து, டீசல் வாசனையும் வந்தா, ஆயில்ல டீசல் கலக்குது. அதோட வண்டியை ஓட்டாதீங்க, நேரா மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

பெட்ரோல் எஸ்யூவின்னா, ஓபிடி ஆப்ல ஃப்யூல் ட்ரிம்னு ஒண்ணு இருக்கும். ப்ளஸ் மைனஸ் 10-க்குள்ள இருந்தா பரவால்ல. அதைத் தாண்டினா ஆக்சிஜன் சென்சார், ஏர் லீக், ஸ்பார்க் ப்ளக் பக்கம் போகலாம். இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்ல ஒரு லிட்டருக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. 20 சதவீதம் கலந்தா, கலக்காத பெட்ரோலை விட 6, 7 சதவீதம் சக்தி குறையும். அந்த அளவுக்கு மைலேஜ் விழுந்திருந்தா வண்டியைக் கழட்டிப் பிரிச்சு மேயாதீங்க. அதுக்கு மேல விழுந்திருந்தா மட்டும் தேடுங்க.

மைலேஜ் ஏத்தற காந்தம், டேங்க்ல போடற மாத்திரை, போர்ட்ல சொருகற குட்டி டப்பா எதையும் வாங்காதீங்க. அமெரிக்காவோட ஈபிஏ இந்த மாதிரி நூறுக்கு மேல ஐட்டங்களை ஆராய்ஞ்சும், மைலேஜைக் குறிப்பிடற அளவுக்கு ஏத்தற ஒண்ணைக் கூடப் பார்க்கலை.

முக்கியமா, ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒண்ணு மாத்துங்க, ரெண்டு டேங்க் ஓட்டுங்க, எழுதி வைங்க. ஒரே சர்வீஸ்ல ஆறு பார்ட் மாத்தினா, எது வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. அடுத்த தடவை மறுபடி ஆறையும் மாத்தணும்.

இன்னைக்கு டீசலோ பெட்ரோலோ போடப் போறீங்கன்னா, இப்பவே ஆரம்பிங்க. தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய். போன் நோட்ஸ்ல நாலு நம்பர் போதும். ரெண்டு வருஷம் கழிச்சு மைலேஜ் விழுந்தா, எங்க தேடணும்னு அதுவே சொல்லிடும்.

உங்க வண்டியில இந்த வீல் சூடு டெஸ்ட் பண்ணினீங்கன்னா, நாலு நம்பரையும் எனக்கு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பழைய வண்டி வாங்கும்போது ஓடோமீட்டரை நம்பறதா வேண்டாமான்னு பேசலாம். அது வரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.